ஆஸ்பத்திரி அடுக்கு

பெட்டியக்காவுக்கு மூக்குதான் மீட்டர். கம்பெனி கொடுத்த நிஜ மீட்டர் ஒன்று மேசை இழுப்பறையில் கிடந்தது. அதில் பச்சை எரிந்தால் பேட்டரிப் பெட்டி நல்லது, சிவப்பு எரிந்தால் கெட்டது. ஆனால் அந்த மீட்டருக்கே எப்போது உடம்பு சரியாக இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் கார்க்காரர்கள் கொண்டு வந்து கொடுக்கிற ஒவ்வொரு பெட்டியையும் அவள் முதலில் புறங்கையால் தொட்டுப் பார்ப்பாள், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. பிறகு மூடியின் ஓரத்தில் மூக்கை வைப்பாள். நல்ல பெட்டிக்கு வாசனையே கிடையாது. உள்ளே எங்காவது கசிந்திருந்தால் நகப்பூச்சு வாசனை வரும், லேசாக, தித்திப்பாக. அது வந்துவிட்டால் மறுபேச்சே இல்லை. பெட்டியைச் சுற்றிச் சிவப்பு டேப்பை ஒட்டி, கடைக் கோடியில் தனியாக நிற்கிற இரும்பு அடுக்கில் வைத்துவிடுவாள். அந்த அடுக்குக்கு டிரைவர்கள் வைத்த பெயர் ஆஸ்பத்திரி.

அவளுக்குப் பெட்டியக்கா என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். காலை எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் மாலை ஆறு வரைக்கும் பெட்டி வாங்குவது, பெட்டி கொடுப்பது, இதுதான் வேலை. ஒரு பெட்டி பன்னிரண்டு கிலோ. ஒரு காருக்கு நாலு பெட்டி, பின் சீட்டுக்கு அடியில். கார் வந்து நின்றதும் டிரைவர் பின் சீட்டைத் தூக்குவான், இவள் காலிப் பெட்டி நாலை உருவி எடுத்து, சார்ஜ் ஏறிய பெட்டி நாலைச் செருகுவாள். நாலு நிமிஷம். நாளைக்கு நாற்பது ஐம்பது கார் வரும். முதல் மாதம் முழுக்க ராத்திரி இடுப்பைத் தலையணையில் முட்டுக்கொடுத்துத்தான் படுத்தாள். இப்போது அவள் தோளைப் பார்த்தால் டிரைவர்களே வம்புக்கு வர யோசிப்பார்கள்.

அவள் புருஷனும் அதே கம்பெனிப் பெட்டியில்தான் வாடகைக் கார் ஓட்டினான். பேட்டரியோடு சேர்த்து அந்தக் கார் என்ன விலை என்று ஷோரூமில் கேட்டபோது இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வெளியே நடந்தார்கள். ஷோரூம்காரன் பின்னாலேயே ஓடி வந்து, பேட்டரி இல்லாமல் வெறும் காரை மட்டும் வாங்கலாம், கிட்டத்தட்டப் பாதி விலை, பெட்டிக்கு மாதா மாதம் வாடகை கட்டினால் போதும் என்றான். அப்படித்தான் அந்தக் குடும்பத்துக்கு ஒரு கார் வந்தது. காரைப் பார்க்க வந்த அவள் அண்ணன் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "யானையை வாங்கிட்டு அங்குசத்தை வாடகைக்கு எடுத்திருக்கீங்களே மாப்ள! உடம்பு உங்களுது, உசுரு கம்பெனியோடது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றைக்கு ராத்திரி மட்டும் அந்த வார்த்தை அவளைத் தூங்கவிடவில்லை.

ஏனென்றால் பெட்டி எல்லாம் ஒன்றாக இருப்பதில்லை. வாடகை ஒன்றுதான். புதுப்பெட்டி நாலு கிடைத்தால் நூறு கிலோமீட்டர் போகலாம். கிழட்டுப் பெட்டி நாலு மாட்டினால் அறுபதிலேயே மூச்சு வாங்கும். யாருக்கு எது கிடைக்கும் என்பது அவரவர் தலையெழுத்து. கிழட்டுப் பெட்டி கிடைத்தவன் ஒரு நாளில் இன்னொரு முறை வந்து வரிசையில் நிற்க வேண்டும். ஒரு மணி நேரம் போச்சு, ஒரு சவாரி போச்சு.

தலையெழுத்தை அடுக்கி வைக்கிற வேலையே கையில் இருக்கும்போது எந்தப் பெண்டாட்டிதான் சும்மா இருப்பாள்? அவள் நல்ல பெட்டியாக நாலைப் பொறுக்கி, யாரும் கை வைக்காத ஒரே இடத்தில், ஆஸ்பத்திரி அடுக்கின் கீழ்த்தட்டில், சிவப்பு டேப் ஒட்டாமல் ஒளித்துவைக்க ஆரம்பித்தாள். கெட்ட பெட்டியை டிப்போவுக்கு ஏற்றிப் போக வருகிற லோடு அண்ணன், டேப் ஒட்டியதை மட்டும்தான் எடுப்பார். மற்ற டிரைவர்கள் அந்தப் பக்கமே போக மாட்டார்கள். புருஷன் மட்டும் மத்தியானம் வந்து, குனிந்து, கீழ்த்தட்டிலிருந்து நாலையும் எடுத்துக்கொண்டு போவான். எட்டு மாதமாக நடந்தது. ஒருத்தருக்கும் தெரியாது. மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அவளுக்கு அந்தப் பயம் முதல் மாதம் இருந்தது, பிறகு பழகிவிட்டது.

அன்றைக்குக் காலையிலிருந்தே மழை. சாதாரண மழை இல்லை, யாரோ மேலே உட்கார்ந்துகொண்டு அண்டா அண்டாவாகக் கவிழ்க்கிற மழை. ஒன்பது மணிக்கு லோடு அண்ணன் லாரியைப் பின்னால் கொண்டு வந்து நிறுத்திப் பெட்டிகளை இறக்கினார். அதே நேரத்தில் பின் அறைக் கூரை ஒழுக ஆரம்பித்தது. சார்ஜ் ஏற்றுகிற பலகைக்கு ஒரு முழம் தள்ளித் தண்ணீர் சொட்டியது. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாளியும் துணியுமாக உள்ளே ஓடினாள். கரண்டும் தண்ணீரும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் அவளுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. மத்தியானம் வரைக்கும் பிழிந்தாள், துடைத்தாள், மறுபடி பிழிந்தாள். பாசி வழுக்காமல் இருக்க பிளீச்சிங் பவுடரைத் தூவியதில் மூக்கு எரிந்து, கண்ணில் தண்ணீர் வந்து, வேறு எந்த வாசனையும் தெரியாமல் போயிற்று.

இரண்டு மணிக்குப் பின் அறை வாசலில் சின்னக் கால் சத்தம் கேட்டது. ஏழு வயது மகள், யூனிஃபார்மோடு, தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, ஸ்கூல் லீவு விட்டுட்டாங்க! மழைன்னு பாதியிலேயே விட்டுட்டாங்க!"

"அதுக்கு ஏன்டி இவ்வளவு சந்தோஷம்? உங்கப்பா எங்க?"

"பெட்டி எடுக்கறார். பசிக்குதும்மா."

அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மீந்திருந்த ஒரு அவித்த முட்டையை உரித்து, இரண்டாகப் பிட்டுப் பெரிய பாதியைக் கொடுத்தாள். மழை இருட்டிக் கிடந்த முன் பக்கத்திலிருந்து புருஷன் குரல் கொடுத்தான்.

"நீ வராத, ஈரம். நானே மாட்டிக்கிறேன். இவளை வீட்டுல விட்டா தனியா இருப்பா. வண்டியிலேயே வெச்சிக்கிட்டுச் சுத்துறேன். ஆறு மணிக்கு வந்து உன்னையும் கூட்டிக்கிட்டுப் போறேன்."

"மெதுவாப் போங்க. பாலத்துக்குக் கீழ தண்ணி நிக்குமாம்."

"நான் என்னைக்குடி வேகமாப் போயிருக்கேன்?"

அது உண்மைதான். டிரைவர்கள் அவனுக்கு வைத்த பெயரே நிதானம். நத்தைக்கு அவசரம் என்றால் நிதானம் காரைக் கூப்பிடாது என்பார்கள். வண்டி ஓட்டும்போது போன் அடித்தால் எடுக்க மாட்டான். ஓரமாக இடம் பார்த்து, விளக்குப் போட்டு, நிறுத்தி, பிறகுதான் திருப்பிக் கூப்பிடுவான். சண்டையில்கூட அப்படித்தான். இன்றைக்குக் காலையில் அவள் சொன்ன ஒரு வார்த்தைக்கு நாளை மறுநாள் சாயங்காலம் பதில் வரும்.

மகள் முட்டையை வாயில் அடக்கிக்கொண்டு ஓடினாள். கார் கிளம்பியது. அந்தக் கார் கிளம்பினால் சத்தமே வராது. ஈர ரோட்டில் டயர் உறிஞ்சுகிற ஓசைதான்.

இரண்டரைக்கு மேல் போன் வந்தது. மகள்தான்.

"அம்மா, அப்பா ஒரு அங்கிளோட பெட்டி படுக்கையெல்லாம் எறக்கி வெச்சிட்டு இருக்கார். நான் பின்னாடி படுத்திருக்கேன்."

"குளிருதாடி?"

"இல்லம்மா. சீட்டு கதகதன்னு இருக்கு. ஜம்முன்னு இருக்கு."

"அப்பத் தூங்கு. செருப்பைக் கழட்டிட்டுத் தூங்கு."

போனை வைத்தவளுக்கு மனசு நிறைந்திருந்தது. வெளியே ஊரே நடுங்குகிறது, பிள்ளை கதகதப்பில் தூங்குகிறது. வேறு என்ன வேண்டும்? அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு முன்பக்கம் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். லோடு அண்ணன் மறுபடி லாரியோடு வந்திருந்தார், கெட்ட பெட்டிகளை ஏற்றிப் போக. வழியில் வாங்கிய டீயை அவளுக்கும் ஒரு கப்பில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரி அடுக்குப் பக்கம் போனார்.

"தங்கச்சி, காலையில நான் வெச்ச அடிபட்ட பெட்டி எங்கம்மா?"

"எந்த அடிபட்ட பெட்டி?"

"காலையில எறக்கும்போது மழை ஈரத்துல கை வழுக்கி ஒண்ணு விழுந்திடுச்சு. லாரி மேலருந்து, நேரா சிமெண்ட் படி முனையில. மூலை நல்லா உள்ள போயிடுச்சு. டேப்பு தேடினேன், தீந்து போயிருந்துச்சு. நீயும் உள்ள தண்ணி எறைச்சிட்டு இருந்த. சரி அப்புறம் சொல்லிக்கலாம்னு இங்க வெச்சேன்."

"எங்கண்ணே வெச்சீங்க?"

"இங்கதான், கீழ்த்தட்டுல. நாலு நல்ல பெட்டி டேப் இல்லாம கெடந்துச்சு. யாரோ தெரியாம வெச்சுட்டாங்கன்னு அதுல ஒண்ணை எடுத்துச் சார்ஜ்ல போட்டுட்டு, அந்த எடத்துல இதை வெச்சேன். இப்ப தட்டே காலியா இருக்கு?"

அவள் கப்பைக் கீழே வைத்தாள். வைத்தாளா, விழுந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. மகள் போனில் சொன்னது மறுபடி காதில் கேட்டது. சீட்டு கதகதன்னு இருக்கு. ஜம்முன்னு இருக்கு. எட்டு மாதத்தில் அந்தச் சீட்டு ஒரு நாளும் சூடானதில்லை. மழை நாளில் ஐஸ் கட்டி மாதிரி இருக்கும், பிள்ளை அதில் துண்டு விரித்துத்தான் உட்காருவாள்.

புருஷன் நம்பரை அழுத்தினாள். அடித்தது. அடித்து அடித்து நின்றது. மறுபடி அழுத்தினாள். வண்டி ஓடுகிறது என்று அர்த்தம். ஓரமாக இடம் பார்த்து, விளக்குப் போட்டு, நிறுத்தி... "எடுங்களேன், இன்னைக்கு ஒரு நாளைக்கு எடுங்களேன்" என்று வாய்விட்டே சொன்னாள். ஐந்து முறை அடித்தாள். எடுக்கவில்லை.

மேசைக்குப் பக்கத்தில் சுவரில் கம்பெனியின் கன்ட்ரோல் ரூம் நம்பர் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. அவர்கள் நினைத்தால் எங்கிருந்தும் எந்தக் காரின் பெட்டியையும் பூட்டிவிடலாம். வாடகை இரண்டு நாள் தாமதமானால் பூட்டுவார்கள். வண்டி சிக்னலில் நின்றதும் அப்படியே செத்த மாதிரி நின்றுவிடும். ஒரு போன் போட்டால் போதும்.

போன் போட்டால் என்ன கேட்பார்கள் என்றும் அவளுக்குத் தெரியும். அந்தப் பெட்டி எப்படிக் காருக்குப் போச்சு? ஆஸ்பத்திரி அடுக்கிலிருந்து யார் எடுத்தது? அது யார் கார்? உன் வீட்டுக்காரர் காரா? வேலை போகும். வேலை போனால்கூடப் பரவாயில்லை, கம்பெனி இனி அந்தக் காருக்குப் பெட்டியே தராது. பெட்டி இல்லாவிட்டால் அது கார் இல்லை, வெறும் தகரக் கூடு. அந்தக் கூட்டுக்கு இன்னும் மூன்று வருஷம் தவணை பாக்கி.

"அண்ணே, அது... மூலை எவ்வளவு உள்ள போயிருந்துச்சு?"

"ஒரு விரல் இருக்கும். ஏம்மா, மொகம் ஏன் இப்படி ஆயிடுச்சு? யாராவது எடுத்துட்டாங்களா?"

"அடிபட்ட பெட்டி எல்லாமே கெட்டுப் போயிடுமா என்ன? போன மாசம்கூட ஒண்ணு விழுந்துச்சே. ஒண்ணும் ஆகலையே."

"ஒண்ணும் ஆகாமலும் இருக்கும்" என்றார் அவர், மெதுவாக. "ஆனா நாமளா சொல்ல முடியாதும்மா."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கையில் போன். கண் சுவரில் இருக்கிற நம்பரில். இப்போது திருப்பிக் கூப்பிடுவார், ஓரமாக நிறுத்தியதும் கூப்பிடுவார், கூப்பிட்டால் யாருக்கும் தெரியாமல் சரி பண்ணிவிடலாம் என்று காத்திருந்தாள். காத்திருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். வேறு எந்தப் பெயர் வைத்தாலும் பொய். பெற்ற பிள்ளை ஒரு பக்கம், கார் ஒரு பக்கம் என்று தராசு வைத்தால் அவள் தராசையே உடைத்திருப்பாள். ஆனால் அந்த நேரத்தில் தராசு அப்படி வந்து நிற்கவில்லை. ஆகுமோ ஆகாதோ என்கிற ஒன்று ஒரு பக்கம், நிச்சயமாகப் போகப் போகிற கார் மறுபக்கம் என்றுதான் வந்து நின்றது. மழை ஷட்டரில் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு எதற்கென்றே தெரியாமல் மேசை மேல் திறந்து கிடந்த சாப்பாட்டு டப்பாவில் மகளுக்கு உரித்த முட்டையின் ஓட்டைப் பார்த்தாள். பார்த்ததும் எழுந்துகொண்டாள்.

கன்ட்ரோல் ரூமில் ஒரு பெண் எடுத்தாள். மனப்பாடம் பண்ணின குரல்.

"வணக்கம் மேடம், உங்களுக்கு எப்படி உதவலாம்?"

"ஒரு காரைப் பூட்டணும். உடனே பூட்டணும். உள்ள அடிபட்ட பெட்டி இருக்கு. என் பொண்ணு அதுமேல படுத்திருக்கா."

குரலில் இருந்த மனப்பாடம் கழன்று போயிற்று. "கார் நம்பர் சொல்லுங்கக்கா."

சொன்னாள். எந்த அடுக்கு, எப்படிப் போனது, யார் ஒளித்துவைத்தது எல்லாவற்றையும் கேட்காமலேயே சொன்னாள். அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, மூணு பெட்டி பதில் சொல்லுது. சூடு சரியா இருக்கு. நாலாவது பதிலே சொல்லல."

"பதில் சொல்லலைன்னா?"

"தெரியலக்கா. அதான் தெரியல." கொஞ்சம் மூச்சு விட்டு, "வண்டி நின்னாத்தான் பூட்டு விழும். ஓடிட்டு இருக்கு... மெதுவாத்தான் ஓடுது... நின்னிடுச்சு. பூட்டிட்டேன்க்கா. பாலத்துக்கு முன்னாடி, சிக்னல்கிட்ட. பயப்படாதீங்க, இனிமே வண்டி நகராது."

அவளுக்கு உயிர் வந்தது. வந்த உயிர் அடுத்த நொடியே திரும்பிப் போயிற்று. வண்டி பூட்டிக்கொண்டால் அவர் என்ன செய்வார்? வாடகை பாக்கி என்று பூட்டிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். போன வருஷம் அப்படி ஒரு தடவை நடந்தது. அப்போது டிரைவர்கள் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார்கள்: சீட்டைத் தூக்கி, நாலு பெட்டியையும் வெளியே எடுத்து, கொஞ்ச நேரம் வைத்துத் திரும்பச் செருகினால் பூட்டு விட்டுப்போகும், வீடு போய்ச் சேருகிற அளவுக்கு ஓடும். பெட்டி மூடியும் சேர்ந்து பூட்டிக்கொள்ளுமே என்று அவன் வந்து கேட்டபோது, ஸ்பூன் காம்பை எந்த இடுக்கில் விட்டு நெம்பினால் திறக்கும் என்று காட்டிக் கொடுத்தவள் இவளேதான். அந்த ஸ்பூன் காரில்தான் இருக்கிறது.

"அண்ணே, லாரியை எடுங்க!"

ஷட்டரைக்கூட இறக்கவில்லை. லோடு அண்ணன் ஒரு கேள்வி கேட்கவில்லை. வைப்பர் அந்த மழைக்கு ஈடுகொடுக்காமல் முனகியது. அவள் கண்ணாடியை உள்பக்கமாகத் துடைத்துக்கொண்டே, போனை அழுத்திக்கொண்டே போனாள். அடித்தது, எடுக்கவில்லை. வண்டிதான் நின்றுவிட்டதே, ஏன் எடுக்கவில்லை? கை காலியாக இல்லை. கையில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

"நான் டேப் தேடி ஒட்டியிருக்கணும்" என்றார் லோடு அண்ணன், ரோட்டைப் பார்த்தபடி. "நாலு அடி நடந்து வந்து உன்கிட்டச் சொல்லியிருக்கணும்."

"வேகமாப் போங்கண்ணே."

சிக்னல் தெரிந்தது. ஓரத்தில் கார் நின்றது, பின் கதவு திறந்து கிடந்தது. நடைபாதையில் மூன்று பெட்டிகள் வரிசையாக. அந்தப் பெட்டிகளுக்கு மேல் மகள் குடை பிடித்து நின்றுகொண்டிருந்தாள், பெட்டி நனையக் கூடாது என்று. அவன் காருக்குள்ளிருந்து நாலாவது பெட்டியை எடுத்து, நெஞ்சோடு அணைத்தபடி, நிதானமாக நிமிர்ந்தான்.

அவள் லாரி நிற்கும் முன்னாலேயே குதித்தாள்.

"வைங்க! கீழ வைங்க! அதைக் கீழ வைங்க!"

அவன் திரும்பிப் பார்த்தான். "ஏன் கத்துற? வாடகை கட்டியாச்சுன்னு சொன்னியே, பூட்டிட்டானுங்க..."

"அது அடிபட்ட பெட்டி! போட்டுடாதீங்க, போட்டா வெடிக்கும், வைங்க, மெதுவா வைங்க!"

வேறு எவனாக இருந்தாலும் உதறியிருப்பான். அவன் உதறவில்லை. நாலு அடி தள்ளிக் காலி இடமாகப் பார்த்து, முழங்காலை மடக்கி, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் விடுவதுபோல அந்தப் பெட்டியைத் தரையில் வைத்தான். அவன் எழுந்து நிற்பதற்குள் அவள் ஓடி வந்து மகளை இடுப்பில் தூக்கிவிட்டாள். குடை பறந்தது. மூன்று பேரும் லாரிக்குப் பின்னால் போய் நின்றார்கள். லோடு அண்ணன் ரோட்டின் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்து வருகிற வண்டிகளை மறித்தார்.

ஒன்றும் ஆகவில்லை. மழை பெட்டி மேல் தட்டிக்கொண்டிருந்தது. அவன் அவளைப் பார்த்தான், ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்போது பெட்டியிலிருந்து உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது, குக்கர் மூச்சு விடுவதுபோல. வெள்ளைப் புகை ஒரு கோடாகக் கிளம்பியது. கோடு பருத்தது. பிறகு படபடவென்று உள்ளே எதுவோ முறிய, மூலை பிய்த்துக்கொண்டு நெருப்பு வெளியே வந்தது. அத்தனை மழை அதன் தலையில் கொட்டியும் அது சட்டை பண்ணவில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் எரிந்தது.

மகள் அழவில்லை. அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காதோரமாகக் கேட்டாள்.

"அம்மா, அதுமேலதான நான் தூங்கிட்டு இருந்தேன்?"

அடுத்த வாரம் கம்பெனி ஆபீசில் விசாரணை. மேனேஜர் நல்ல மனுஷன்தான், தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார். கடையில் இருந்த கேமராப் படத்தையும் பக்கத்தில் திறந்துவைத்திருந்தார். லோடு அண்ணனை வேறு ஊர் டிப்போவுக்கு மாற்றியாயிற்று. இவளுக்கு வேலை இல்லை, காருக்கு இனிப் பெட்டி இல்லை. அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எழுந்திருக்கும்போது அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"ரெண்டு அம்பதுக்கு அந்த அண்ணன் உங்ககிட்டச் சொல்றாரு. மூணு ஒண்ணுக்குத்தான் நீங்க கன்ட்ரோல் ரூமுக்குக் கூப்பிடுறீங்க. நடுவுல பதினொரு நிமிஷம் என்னம்மா பண்ணீங்க?"

அவள் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"எனக்குத்தான் சார் அடிச்சிட்டு இருந்தா" என்றான் அவன். "என் போன்ல இருக்கு, காட்டட்டுமா?"

மேனேஜர் தலையாட்டினார். அதோடு போயிற்று. ஐந்து போன் போடப் பதினொரு நிமிஷம் ஆகாது என்று மேனேஜருக்கும் தெரிந்திருக்கும். போன் போட்டவளுக்கும் தெரியும். போனைக் கையில் வைத்திருந்தவனுக்குத் தெரியாமலா இருக்கும்?

அன்றிலிருந்து அவளுக்கு வேறு பயம். வேலை போன பயமோ தவணைப் பயமோ இல்லை. அவன் கேட்பான். இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு, நாளைக்கில்லாவிட்டால் அடுத்த மாதம். அவன்தான் நிதானமாயிற்றே. சோறு பிசைகிற கை நின்றால் அவளுக்குத் திக்கென்றது. தொண்டையைக் கனைத்தால் திக்கென்றது. அவன் கனைத்துவிட்டு, "உப்பு" என்பான். அவன் ஒரு கிடங்கில் மூட்டை தூக்கப் போனான், அவள் ஒரு துணிக்கடையில் மடித்துவைக்கிற வேலைக்குப் போனாள். கார் வாசலில் நின்றது. தள்ளினால் போகும், அவ்வளவுதான். வாங்கிக்கொள்ளவும் ஆள் இல்லை. பெட்டி இல்லாத கூட்டை யார் வாங்குவார்கள்?

மகள் மட்டும் அதை விடவில்லை. முன் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீரிங்கைத் திருப்பி விளையாடுவாள். பின் சீட்டுக்குப் போகச் சொன்னால் போக மாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மறுபடி மழை பிடித்தது. மகள் காருக்குள்ளேயே முன் சீட்டில் தூங்கிவிட்டாள். எழுப்ப வந்த அவள், எழுப்ப மனசு வராமல், நனையாமல் இருக்கப் பின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அடியில் பெட்டி இல்லாததால் சீட்டு டொக்கென்று உள்வாங்கியது. கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. அவன் தொண்டையைக் கனைத்தான்.

இந்தத் தடவை உப்பு இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை நாள்தான் பயப்படுவது? அவளே ஆரம்பித்தாள்.

"அந்தப் பதினொரு நிமிஷம்..."

"நீ கேக்காத" என்றான் அவன். "நானே சொல்லிடுறேன். நீ எப்பக் கேப்பியோ, எப்பக் கேப்பியோன்னு எனக்குத் தூக்கமே இல்ல."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அன்னைக்கு அந்த ஆளை எறக்கிட்டுக் கெளம்பும்போதே வாசனை வந்துச்சு. நகப்பூச்சு வாசனை. பாப்பாகிட்டக் கேட்டேன், நகப்பூச்சு போட்டியான்னு. இல்லப்பான்னு சொல்லிட்டுத் தூங்கிட்டா. நீ எத்தனை தடவை சொல்லியிருக்க, அந்த வாசனை வந்தா எறங்கிடுங்கன்னு." அவன் முன் சீட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சவாரி காத்துக்கிட்டு இருந்துச்சு. திரும்பிக் கடைக்கு வந்தா அது போயிடும். பெட்டியைப் பத்திச் சொன்னா உன் விஷயம் வெளிய வந்திடும், வண்டி போயிடும். அதை மட்டும் முடிச்சிட்டு வந்திடலாம்னு... நீ அடிச்சிட்டே இருந்த. எனக்குக் கேட்டுச்சு. வாசனையைப் பத்தித்தான் கேப்பியோன்னு எடுக்கல. அந்த சிக்னல்ல மட்டும் சிவப்பு விழலைன்னா..."

அவள் தன்னுடைய பதினொரு நிமிஷத்தை அன்றைக்குச் சொல்லவில்லை. கை நீட்டி, முன் சீட்டில் தூங்குகிற பிள்ளையின் நெற்றியில் புறங்கையை வைத்தாள். பிறகு குனிந்து, கூந்தலோரத்தில் மூக்கை வைத்து, மூச்சை இழுத்துப் பார்த்தாள். எண்ணெயும் வேர்வையும்தான் மணத்தன. அப்படியும் நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை பார்த்தாள்.